டக்கும் பையவும்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி சொல்லப்போவது எல்லாம் அந்தப் பொறுமையின்மையால் நடந்தது என்றுதான் எங்கள் சொந்தத்தில் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைக்கிற ஆள் நான். பரீட்சையில் கேள்வியைப் பாதி படித்ததுமே பதில் எழுதத் தொடங்கிவிடுவேன். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது எனக்கு முந்தின பெயருக்கே 'உள்ளேன் டீச்சர்' சொல்லிக் குட்டு வாங்கியிருக்கிறேன். உம்மா எனக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை.

அப்படிப்பட்ட எனக்கு மிகவும் பிடித்துப்போன விளையாட்டு, சும்மா காத்திருக்கிற விளையாட்டாக வந்து வாய்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினோரு வயது. மேலப்பாளையத்தில், கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வீட்டில் உம்மாவும் நானும் மட்டும்தான். வாப்பா வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வெல்டராக இருந்தார். இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவில் வருவார். மற்ற நாட்களில் அவர் எங்களுக்கு வெறும் குரல்தான். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். உம்மா கதவைச் சாத்திவிட்டு டேப் ரிகார்டரில் போடுவார். 'நல்லாப் படிக்கியாளா?' என்று அது கேட்கும். கேட்டு முடிப்பதற்குள் நான் 'படிக்கேன் வாப்பா' என்று டேப் ரிகார்டரைப் பார்த்துத் தலையாட்டிவிடுவேன்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் வழக்கம்போல வீடு முழுக்க வெளிநாட்டுச் சோப்பு மணந்தது. துணிகளுக்கு அடியில், சாம்பல் நிறத்தில், பாதிச் செங்கல் அளவுக்கு ஒன்று இருந்தது. கையில் வைத்து விளையாடுகிற வீடியோ கேம். அதன் முதுகில் சொருகுகிற சின்னத் தகட்டுக்கும் கேசட் என்றுதான் பெயர். 'இந்தக் கேசட்டு பேசாது, விளையாடும்' என்று சொல்லி வாப்பா என் கையில் கொடுத்தார். அட்டையில் அறுபத்து நாலு விளையாட்டு என்று போட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டுதான். மிச்சமெல்லாம் அதே விளையாட்டுகள், வேறு எண்ணில் மறுபடி வரும். ஏமாற்றினவனை நான் மூன்று நாள் திட்டினேன்.

கேம் கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு வேறொரு மனத்தாங்கல் இருந்தது. வாப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. பேசும்போது அவர் கண் என் காதுப் பக்கமோ தோள் பக்கமோ போய்விடும். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களோ என்று நானே இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன். இரண்டரை வருஷத்தில் நான் வளர்ந்து கறுத்துப்போய்விட்டேன், அதனால் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று அழுதுகூடப் பார்த்தேன்.

இருந்தும் அவர் போகக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. என்னைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, வாப்பா வீட்டில் இருக்க வேண்டும். காலையில் அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டு விழிப்பது அவ்வளவு நன்றாக இருந்தது.

பதினேழாம் எண்ணில் இருந்த விளையாட்டுதான் எங்களுடையதாக ஆனது. சின்னத் திரையில் ஒரு புல்வெளி. இரண்டு ஆட்கள் கையில் வாளோடு எதிரெதிரே நிற்பார்கள். மேலே ஒரு வட்டம், அது சூரியனா நிலாவா என்பது கடைசி வரை தெரியவில்லை. ஒன்றுமே நடக்காது. புல் மட்டும் ஒரு பக்கமாகச் சாயும், நிமிரும், மறுபடி சாயும். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. சில சமயம் மூன்று மூச்சு, சில சமயம் முப்பது மூச்சு. திடீரென்று நடுவில் ஒரு ஆச்சரியக்குறி தோன்றும், கூடவே 'டிங்' என்று ஒரு சத்தம். பார்த்த மாத்திரத்தில் பட்டனை அழுத்த வேண்டும். முந்தினவன் ஆள் பாய்ந்து வெட்டுவான், மற்றவன் புல்லில் சாய்வான். குறி வருவதற்கு முன்பே அழுத்திவிட்டால் தலைக்கு மேல் பெருக்கல் குறி விழும், அந்த ஆட்டம் போச்சு. யாருமே அழுத்தாவிட்டால் ஆச்சரியக்குறி அப்படியே நிற்கும், பாட்டரி தீரும் வரைக்கும் நிற்கும் என்று நினைக்கிறேன்.

டக்கென்று அழுத்த வேண்டியிருந்ததால் அதற்கு 'டக்கு' என்று பெயர் வைத்தேன். முந்தி அழுத்தித் தோற்றால் 'அவசரம் விழுந்துட்டு' என்பார் வாப்பா. எனக்குத்தான் அது விழுந்துகொண்டே இருந்தது.

ஒரே கேமில் இரண்டு பேரும் ஆடலாம். இடப் பக்கத்தைக் கூட்டல் குறி போன்ற பட்டனோடு வாப்பா பிடித்துக்கொள்வார். வலப் பக்கத்தை வட்டப் பட்டனோடு நான் பிடித்துக்கொள்வேன். திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் உருவம் தெரியும். அதனால் மாடிப்படியின் மேல்படிதான் எங்கள் இடம். மேலே மாடி பாதி கட்டி நின்றது. சுவர் இடுப்பு உயரம், தூண்களில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. அங்கே உட்கார்ந்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வயல்கள் தெரியும், மேற்கே மலை நீலமாகத் தெரியும். ஜூன் பிறந்து குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்வரைக்கும் மழை வராது, ஈரக் காற்று மட்டும் வரும்.

எங்கள் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து, நெய்ச்சோறு சாப்பிட்டு, உம்மா சற்றுக் கண்ணயரும் நேரத்தில் நாங்கள் படியேறுவோம். அந்த மத்தியானங்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதுபோல் இருக்கும், ஆனால் தூக்கம் இல்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்போம். திரையில் புல் சாய்ந்தால் வயலிலும் நாற்று சாய்வதுபோல் இருக்கும். தெருவில் எங்கோ ஒரு தறி தடதடக்கும், நிற்கும். வாப்பாவின் மூச்சு என் காதில் கேட்கும். ஏதோ வரப்போகிறது, இன்னும் வரவில்லை, வராமலே இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும். வாழ்க்கையில் நான் பொறுமையாக இருந்தது அந்தப் படியில் மட்டும்தான். அங்கேயும் பத்துக்கு நாலு தடவை அவசரம் விழுந்துவிடும் என்பது வேறு விஷயம்.

வாப்பா பெரும்பாலும் ஜெயிப்பார். அதுவும் எப்படி? திரையைப் பார்க்காமலே ஜெயிப்பார். முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதோ யோசனையில் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். 'டிங்' என்றதும் அவர் பெருவிரல் அழுத்தியிருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

'கேமப் பாத்து வெளாடுங்க வாப்பா. ரொம்பத்தான் பெருமை காட்டுதீங்க.'

'ஒன்னைய ஜெயிக்கதுக்குக் கண்ணு வேற வேணுமாக்கும்?' என்று சிரிப்பார்.

ஜூலை பிறந்தது. டிக்கெட் வந்துவிட்டது, கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரத்திலிருந்து விமானம். டிக்கெட்டை உம்மா பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். நான் படியில் வைத்து வாப்பாவிடம் ஒரு பந்தயம் போட்டேன்.

'பத்துக்குப் பத்து நான் ஜெயிச்சிட்டா நீங்க போகக் கூடாது.'

'சரி' என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். 'ஒண்ணு கொறஞ்சாலும் பெட்டியக் கட்டிருவேன் கேட்டியா?'

அவருக்கு அது விளையாட்டு. எனக்கு இல்லை. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் உயிரைக் கொடுத்து ஆடினேன். ஒரு தடவை தொடர்ந்து ஆறு வரை போனேன். ஏழாவதில் அவசரம் விழுந்தது. வாப்பா என் தலையில் கை வைத்து ஆட்டினார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாரம் முழுக்க யோசித்தேன். வாப்பா காதை வைத்துத்தான் ஆடுகிறார், அதனால்தான் இவ்வளவு வேகம் என்பது எனக்குப் பிடிபட்டது. கேமின் வலப் பக்க ஓரத்தில், என் கைக்குள்ளேயே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரம் இருந்தது. அதை ஒரு திருகு திருகினால் போதும். இது கள்ளத்தனம் என்று தெரியும். ஒரு மனுஷன் ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு இவ்வளவு கள்ளத்தனம் செய்யலாம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அதுதான் கடைசி வெள்ளிக்கிழமை. படியில் உட்கார்ந்தோம். முதல் ஆட்டத்தை வழக்கம்போல ஆடி வாப்பா ஜெயித்தார். 'இது கணக்குல கிடையாது, இனிமேத்தான் பத்து' என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தை முழுக்கக் குறைத்தேன்.

ஒன்று ஜெயித்தேன். இரண்டு. மூன்று. நான் அழுத்தி, என் ஆள் பாய்ந்து, வாப்பாவின் ஆள் விழுந்தான். நாலு ஜெயித்தேன். ஒவ்வொரு தடவையும் 'ஜெயிச்சிட்டேன்' என்று நான் கத்தின பிறகுதான் வாப்பா விரலை எடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தில் புல் சாய்ந்துகொண்டிருந்தது. தோற்கிற முகத்தைப் பார்க்கலாமே என்ற குறும்பில் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

வாப்பா அவ்வளவு கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். புருவத்தைச் சுருக்கி, தலையை லேசாகச் சாய்த்து, கதவுக்கு வெளியே காலடி கேட்கிறதா என்று கவனிக்கிறவர் போல. பெருவிரல் பட்டன்மேல் தயாராக இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். ஆச்சரியக்குறி வந்து நின்றுகொண்டிருந்தது. மறுபடி அவரைப் பார்த்தேன். அவர் கண் திறந்துதான் இருந்தது, திரை அவர் மடிக்கு மேலேதான் இருந்தது. குறி நின்றது. அவர் காத்திருந்தார். காற்று வந்து என் சடையைத் தூக்கி அவர் தோளில் போட்டது. நான் அழுத்தவில்லை.

'இன்னும் வரலியா?' என்றார்.

'வந்துட்டு வாப்பா.'

'எப்பம்?'

'அப்பமே வந்துட்டு.'

அவசரமாக அழுத்தினார். பிறகு கேமை மெதுவாகத் தடவி, சக்கரத்தைக் கண்டுபிடித்தார்.

'சத்தத்தக் கொறச்சிட்டியோ?'

'ஆமா.'

'ஓ' என்று மட்டும் சொன்னார். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பதுபோல் இருந்தார். பிறகு சொன்னார்.

'நேராப் பாத்தா அங்கன ஒரு புகை மாதிரி நிக்குதுளா. சுத்தி எல்லாம் நல்லாத் தெரியுது. நடுவுல மட்டும் ஒண்ணுமில்ல. வெல்டிங் வெளிச்சம். கண்ணாடி போடாமப் பல நாளு பாத்தது.'

'எதப் பாத்தாலுமா?'

'எதப் பாத்தாலும்.'

'என்னையப் பாத்தா?'

'ஒன் கம்மல் தெரியுது. ரெண்டு சடையும் தெரியுது. மூஞ்சி இருக்க எடத்துல புகைதான்' என்றார். என் முகம் போன போக்கை உணர்ந்திருப்பார் போல, உடனே தலையைத் திருப்பி என் காதுக்குப் பின்னால் எங்கோ பார்த்தார். 'இங்கன பாத்தாத்தான் ஒன் மூக்கு ஓரத்துல தெரியும். அப்படியே ஒங்க உம்மா மூக்கு. பாவம், என்ன செய்ய?'

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அப்படியானால் வாப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை. இத்தனை நாள் என் காதைப் பார்த்ததெல்லாம் என்னைப் பார்ப்பதற்குத்தான். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

'அழாத' என்றார். 'கைப் பழக்கத்துலயே வேல ஓடிருது. அங்கன யாருக்கும் தெரியாது. இந்த ஒரு தடவ மட்டும் போயி இந்த மாடிய முடிச்சிட்டு வந்துருதேன்.' எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். பள்ளிவாசலில் அஸர் என்கிற சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு படி இறங்கியவர் நின்று, திரும்பாமலே சொன்னார்:

'உம்மாட்ட இதப் பைய சொல்லணும், என்ன?'

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கம் 'பைய' என்ற சொல் நாள் முழுக்க வாயில் புரளும். 'பைய வா' என்றால் மெதுவாக, நிதானமாக வா, அவசரமில்லை. 'பைய பேசு' என்றால் தணிந்த குரலில் பேசு, பிறத்தியார் காதில் விழ வேண்டாம். நேரத்துக்கும் அதே சொல், குரலுக்கும் அதே சொல். எந்தப் பைய என்று யாரும் கேட்பதில்லை, இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம்.

வாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். நானும் இறங்கினேன்.

உம்மா புறவாசலில் சுளகை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தி, அவர் காதில் வாயை வைத்து, எவ்வளவு தணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தணிவாக எல்லாவற்றையும் சொன்னேன். புகையை, கம்மலை, ஆச்சரியக்குறியை, எல்லாவற்றையும்.

'ஒங்க வாப்பாவே சொன்னாவளா?'

'ஆமா. பைய சொல்லணும்னாவ.'

உம்மா கையிலிருந்த காம்பை உருவிக்கொண்டே இருந்தார். அதில் இலை தீர்ந்து நேரமாகியிருந்தது.

வாப்பா தொழுதுவிட்டு வந்தார். நடைவாசலைத் தாண்டியதும் உம்மா அவர் முன்னால் போய் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. வாசல் வெளிச்சம் உம்மாவின் முகத்தில் நேராக விழுந்தது.

'என்னையப் பாருங்க. நேராப் பாருங்க.'

'பாக்கேன்லா.'

'நான் இப்பம் சிரிக்கேனா, அழுவுதேனா?'

வாப்பா நின்றார். அவர் கண் பக்கவாட்டில் நழுவப் பார்த்தது. உம்மா இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டார். அப்படிப் பிடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

'நீ சிரிக்கே' என்றார் வாப்பா.

உம்மாவின் கண்ணீர் தாடையில் இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வாப்பா என் பக்கம் திரும்பிக் கத்தினார். 'ஏளா, பைய சொல்லணும்னுல்லா சொன்னேன்!'

'பையத்தான் வாப்பா சொன்னேன்!' என்று நானும் கத்தினேன். 'காதுலதான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்கல!'

பிறகு உம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையின் நடுவில் சிரிப்பு புகுந்துவிட்டால் வருமே, அந்தச் சத்தம். வாப்பாவும் சிரித்துவிட்டார். சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் ஒருத்திதான் என்ன தப்பு செய்தேன் என்பதுபோல் விழித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை காலை ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். போனது போனதுதான். ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம். இன்னும் ஒரு வருஷம் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் மிச்சமும் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விமானம் வாப்பா இல்லாமல் போனது. அன்று மத்தியானம் அது புறப்படுகிற நேரத்தில், எங்கள் வீட்டில் மூன்று பேரும் சோற்றுத் தட்டின் முன்னால் இருந்தோம்.

சொந்தக்காரர்கள் வந்து என் கன்னத்தைத் தடவினார்கள். 'அல்லா பிள்ள வாயில போட்டான்' என்றார்கள். 'பையத்தான் சொன்னேன்' என்பது குடும்பத்தில் நிரந்தரமாகிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டில் யார் எந்த ரகசியத்தை உளறினாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வாப்பா என் மாமாவின் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை. சக்கரத்தின் கோட்டம் எடுப்பதில் சீக்கிரமே பெயர் வாங்கிவிட்டார். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டு, எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பஜாரில் வேறு யாருக்கும் அது வராது. ஆனால் எங்கள் மாடி அப்படியே நின்றது. தூண் கம்பிகள் துருவேறி, மழை பெய்தால் சுவரில் சிவப்பாக ஒழுகின. லீவில் வருகிற பழைய கூட்டாளிகள் கடைக்கு வந்து பார்ப்பார்கள். சென்ட் மணக்க நின்று, 'ஏன் வே ஒரேயடியா இருந்துட்டீரு?' என்பார்கள். வாப்பா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: 'பிள்ள விடல வே.'

பள்ளிவிட்டு வரும்போது இரண்டு தடவை அது என் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். எந்தப் பைய என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மேலப்பாளையத்தில் பிறந்து பதினோரு வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது புரியாமல் போகுமா? 'இந்த ஒரு தடவ போயிட்டு வந்துருதேன்' என்று சொன்னவர், அடுத்த வாக்கியத்திலேயே இன்றைக்கே போய் உம்மாவின் காதில் ஓது என்றா சொல்வார்? எங்கள் மாடிக்குப் பதினாலு படி. எட்டாவது படியில் நான் நின்றேன். இன்னொரு பையவும் இருக்கிறது, யாராவது கேட்டால் அதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தப் படியில்தான் தோன்றியது. அவர் கண்ணுக்காக நான் சொல்லவில்லை. கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர் போகக் கூடாது, அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னதெல்லாம் பிறகு வந்து என் கள்ளத்துக்கு ஒட்டிக்கொண்ட நல்ல பெயர்.

இதை ஆறு வருஷம் வைத்திருந்தேன். வாயில் எதுவும் நிற்காத நான் வைத்திருந்த ஒரே ரகசியம் அது.

எனக்குப் பதினேழு வயதானபோது வாப்பாவை வருஷாந்திரக் கண் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். பாலத்தில் ஏறியதும் பஸ் ஊர்ந்தது, முன்னால் ஏதோ நெரிசல். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. சாயங்கால வெயில் அதன்மேல் கிடந்தது. வாப்பா ஆற்றைப் பார்ப்பதற்காக டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

'வாப்பா, அன்னைக்கு நீங்க பைய சொல்லணும்னு சொன்னியளே, அது எந்தப் பைய, எனக்கு அப்பமே தெரியும்.'

'தெரியும்ளா' என்றார், டிரைவரின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

'இல்ல வாப்பா. தெரிஞ்சேதான் உம்மாட்டப் போயிச் சொன்னேன். நீங்க போகக் கூடாதுன்னுதான் சொன்னேன்.'

'அதுவும் தெரியும்.'

பஸ் ஒரு குலுக்கல் குலுங்கி மறுபடி நின்றது. கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

'அப்பம் எதுக்கு எங்கிட்டச் சொன்னிய? எனக்கு வாயி நிக்காதுன்னு ஊருக்கே தெரியுமே.'

வாப்பா முகத்தை மெதுவாகத் திருப்பி, என் காதுக்குப் பின்னால் பார்த்தார். அதாவது, என்னைப் பார்த்தார்.

'எனக்கு அங்கன போகவும் பயம், போகலன்னு ஒங்க உம்மாட்டச் சொல்லவும் பயம். ரெண்டு மாசமா வாயத் தொறந்து தொறந்து மூடிட்டேன். அதான் ஒன்ட்டச் சொல்லிட்டுத் தொழப் போனேன்.' மறுபடி டிரைவரின் முதுகுப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'நீ எங்க சொல்லாம இருந்துருவியோன்னுதான் அன்னைக்கு அஸர் பூரா எனக்குப் பயமா இருந்துச்சு.'